இரண்டு நோட்டிலும் ஒரே பிழை

“கலப்பின நாய்க்குப் பரம்பரை நோயே வராதாமே, லாப்ரடூடில் வாங்கலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விற்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நம்பிவிட வேண்டாம்.

லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்த இந்தக் கலப்பு பிரபலமானது 1980-களின் இறுதியில், ஆஸ்திரேலியாவில். ஹவாயில் பார்வையற்ற பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டும். கணவருக்கோ நாய் முடி ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்காக வாலி கான்ரன் என்பவர் இதை உருவாக்கினார். முதல் ஈற்றின் மூன்று குட்டிகளில் ஒன்றுதான் கணவருக்கு ஒத்துக்கொண்டது. இப்படியொரு மோகத்தைக் கிளப்பிவிட்டோமே என்று கான்ரனே பிற்காலத்தில் வருந்தினார். வரலாறு இவ்வளவு போதும்.

கலப்பு எப்படிக் காக்கிறது? பிறந்த வீட்டு ஊறுகாய்க் குறிப்பு ஒரு நோட்டிலும் புகுந்த வீட்டுக் குறிப்பு இன்னொன்றிலும் இருப்பதாக வையுங்கள். ஒன்றில் உப்பு வரியைப் பூச்சி அரித்திருந்தால் மற்றதைப் பார்த்துப் போடலாம், ஊறுகாய் கெடாது. கலப்பினத்தின் வலிமை பெரும்பாலும் இதுதான்: தாய் தந்த மரபணுப் படி பழுதானாலும் தந்தை தந்த படி ஈடுகட்டும். ஆனால் இரண்டு நோட்டுமே ஒரே கொள்ளுப்பாட்டியின் நோட்டைப் பார்த்து எழுதியவையாக இருந்து, அதிலேயே உப்பு விடுபட்டிருந்தால்? எத்தனை தூரத்து ஊரில் சம்பந்தம் செய்தாலும் ஜாடியில் பூசணம் பூக்கும்.

பிஆர்சிடி என்ற மரபணுவில் நடப்பது அதுவே. அதன் இரண்டு படிகளிலும் ஓர் எழுத்து பிசகியிருந்தால் விழித்திரையின் குச்சி செல்கள் மெல்ல அழிகின்றன. முதலில் மாலைக்கண், பிறகு முழுக் குருடு. 2006-ல் அடையாளம் கண்ட இந்தப் பிழை லாப்ரடாரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. இனங்கள் பிரியும் முன்பே புகுந்துவிட்ட பழைய பிழை அது. பிழையை ஒற்றைப் படியாகச் சுமக்கும் தாய்க்கும் தந்தைக்கும் பார்வையில் குறையே இருக்காது. குட்டிகளில் நாலில் ஒன்றுக்குக் கண் போக வாய்ப்புண்டு. வங்கதேசத்தைச் சேர்ந்த விழித்திரை நோயாளி ஒருவரிடமும் அச்சு அசலாக அதே எழுத்துப் பிழையைக் கண்டார்கள் என்பது என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

லாப்ரடூடில் உள்ளிட்ட மூன்று பிரபலக் கலப்பினங்களை அவற்றின் தாய் தந்தை இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி. 2024-ல் வெளியான முடிவு: பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை.

பொறுப்பான வளர்ப்பாளர் இணை சேர்க்கும் முன் இரண்டு நாய்களுக்கும் மரபணுப் பரிசோதனை செய்வார். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்தாலே போதும். பிழையைச் சுமக்கும் நாயை ஒதுக்கவும் வேண்டாம். பிழையற்ற துணையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இந்த நோய் வராது. ஆனால் இந்தப் பரிசோதனை இடுப்பு மூட்டுக் கோளாறைக் காட்டாது; அது ஒற்றை மரபணுவால் வருவதல்ல. அதற்கு எக்ஸ்ரே தேவை.

ஆகவே, குட்டியின் சுருட்டை முடியில் மயங்காமல் தாய், தந்தை இரண்டின் பரிசோதனை அறிக்கைகளையும் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.