தெருக் குறைக்குப் பட்ஜெட்டில் இடம் பிடியுங்கள்

வாறுகால் அடைத்துக்கொண்டால் கவுன்சிலரைப் பார்க்கிறோம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிறோம், அதற்கும் அசையாவிட்டால் மறியல். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலும் சரி, ராஜபாளையத்திலும் சரி, தெருக் குறைக்கு நமக்குத் தெரிந்த வழி இதுதான். அடைப்பை எடுக்க இது போதும். சுகாதாரப் பிரிவு நாலு ஆட்களை அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் தெருவில் வாறுகாலே இல்லை, புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் கதை வேறு. பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், டெண்டர் விட வேண்டும். இத்தனைக்கும் அடிப்படையாகப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கீடு இல்லாத கோரிக்கைக்கு ‘நிதி வந்ததும் பார்க்கலாம்’ என்பதைத் தவிர எந்த அதிகாரியாலும் வேறு பதில் சொல்ல முடியாது. ஆடிப்பூரத் தேர் ஓடும் ரத வீதிகளுக்கு ஒரு கெடு நாள் இருக்கிறது. சந்துகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவற்றுக்குக் கெடு நாள் பட்ஜெட்தான். நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது என்பதால், நவம்பர், டிசம்பரிலேயே கோரிக்கை உள்ளே போயிருக்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு கொடுக்கும் மனு பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான மனு.

‘நிதி இல்லை’ என்றால், எந்த நிதியில் இல்லை என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டு நகராட்சிகள் கணக்கை மூன்றாகப் பிரித்து வைக்கின்றன: பொது நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. ஒன்றில் இருப்பதை நினைத்தபடி இன்னொன்றுக்குத் திருப்ப முடியாது. மத்திய அரசின் மானியத்திலும் கட்டுப்பாடு உண்டு. 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடச் சொன்னது. ஆகவே, சாலைக்குப் பணம் இல்லை என்பது உண்மையாக இருக்கும்போதே குடிநீர்க் குழாய்க்குப் பணம் இருக்கலாம். இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் மதுரை–கொல்லம் சாலை 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதில் விழுந்த பள்ளத்துக்கு நகராட்சியில் மனு கொடுத்தால் அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, கோரிக்கையை எங்கே வைப்பது? கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்கும் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. 2022-ல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை நடத்த வேண்டும்; அவற்றுக்கு மேல் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் தொடங்கின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்வதற்கான இடம் இது. தனி ஆள் கொடுக்கும் மனு கோப்பில் படுத்துவிடலாம். சபையில் பேசி, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறிய கோரிக்கையை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போக மிஞ்சுவது சொற்பம், அதில் கேட்டு என்ன பயன் என்பது ஒன்று. மிஞ்சுவது சொற்பம் என்பதால்தான் எது முதலில் என்ற கேள்வி முக்கியமாகிறது. தவிர, 2022-ல் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் ஏற்றினார்கள். கூடுதலாகக் கட்டியவருக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு. சபைக்குக் கட்சிக்காரர்கள்தான் வருவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. மற்றவர்கள் வராதவரை அது உண்மைதான். ஆனால் புனே மாநகராட்சி 2006 முதல் பட்ஜெட்டுக்கு முன்பே மக்களிடம் பணிகளைக் கேட்டு வாங்குகிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-லேயே இந்த வழியைத் தொடங்கியது. கேட்கத்தானே கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தோம் என்றும் சொல்லலாம். மன்றத்தில் எழுந்து பேச அவருக்கும் கையில் ஒரு தீர்மானம் இருந்தால் பலம்தான்.

பணம் ஒதுக்கியும் வேலை நடக்கவில்லை, அல்லது போட்ட சாலை ஒரு மழைக்குப் பெயர்ந்துவிட்டது என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பத்தில் மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும். தெருவில் டேப் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூடச் சட்டம் இடம் தருகிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முறைகேடு தெரிந்தால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் புகார் செய்யலாம். அன்றாடக் குறைகளுக்கு முதல்வரின் உதவி எண் 1100 இருக்கிறது.

இத்தனை உரிமைகளும் மன்றம் என்று ஒன்று இருந்தால்தான் முழுப் பலன் தரும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே பட்ஜெட் போட்டார்கள். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. தேர்தல் தள்ளிப்போனால் குரல் எழுப்புவதும் தெருக் குறையைச் சொல்வதில் ஒரு பகுதிதான். இந்த ஆண்டு டிசம்பருக்குள் உங்கள் தெருவுக்கு வேண்டிய மூன்று வேலைகளை வரிசைப்படுத்தி எழுதி, பகுதி சபையில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.