உரம் விழுந்த குழந்தை

கார்த்திகைத் தீபத்தின்போது திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் கரும்புத் தொட்டிலைக் கண்டிருப்பார்கள். பிள்ளை வரம் வேண்டிப் பெற்ற தம்பதிகள் முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் தாங்கி மாட வீதிகளை வலம் வருவார்கள். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது ஸ்தலத்து ஐதிகம். ஹொய்சள மன்னனாகிய மூன்றாம் வீரவல்லாளன் 14-ஆம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்து அரசாண்டவன். அவன் பெயரால் கோயிலில் ஒரு கோபுரமும் இருக்கிறது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாபட்டுக்கு எழுந்தருளி, அவ்வரசனுக்குப் பிள்ளை முறையில் திதி கொடுக்கிறார். பிள்ளைக்காக மனிதர் படும் ஏக்கத்தைத் தெய்வமே ஒப்புக்கொண்ட ஊர் இது.

இத்தகைய ஊரிலே, பேகோபுரத்துக்குச் சமீபத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டுத் திண்ணையில், விழாக் கூட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு குழந்தை விட்டு விட்டு அழுதுகொண்டிருந்தது. காலையில்தான் அதற்குக் கரும்புத் தொட்டில் பிரார்த்தனை நிறைவேறியிருந்தது. பிறந்து ஏழு வாரம். தலைச்சன் பிள்ளை.

"இரண்டு வாரமாய் இப்படித்தான் அழுகிறான், ஐயா. குடித்த பாலையெல்லாம் கக்கிவிடுகிறான். கழுத்தைத் திருப்பினால் வீல் என்கிறான். உரம் விழுந்திருக்கிறது என்று அத்தை சொல்லுகிறார்கள்" என்றாள் அந்த இளந்தாய்.

அத்தை என்பது மாமியார். அந்த அம்மாளின் கண் கூர்மையான கண் என்பதைக் குழந்தையைப் பார்த்ததுமே அறிந்துகொண்டோம். குழந்தையின் தலை இடத் தோள் பக்கம் சாய்ந்திருந்தது. முகவாய் வலப்புறம் திரும்பியிருந்தது. வலப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக் கொண்டிருந்தான். இடப்புறம் நாம் கை தட்டினால் விழிகள் மட்டும் வந்தன, தலை வரவில்லை. "பாருங்கள், பிறந்த மூன்றாம் வாரமே சொன்னேன்" என்றார் அத்தை. "சாயங்காலம் உரம் எடுக்கிறவள் வருகிறாள். சேலையில் போட்டு நாலு உருட்டு உருட்டினால் சரியாய்ப் போய்விடும்."

உரம் எடுத்தல் என்பது இன்னதென்று நகரவாசிகளான நேயர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். குழந்தையை ஒரு சேலையிலோ வேஷ்டியிலோ கிடத்தி, இரண்டு பேர் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, இப்புறமும் அப்புறமுமாக உருட்டுவார்கள். கை தேர்ந்தவர்கள் மெதுவாகச் செய்கிறார்கள், தேராதவர்கள் குலுக்குகிறார்கள். குழந்தை முதலில் திகைக்கிறது, பிறகு ஓய்ந்து தூங்குகிறது. வீட்டிலுள்ளவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

இவ்வழக்கத்தைப் பற்றி நமக்கு இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. முதலாவது, நம் பாட்டிமார் வியாதியைக் கண்டுபிடித்ததில் அநேகமாகத் தவறவில்லை. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, பால் கக்குவது, ஓயாத அழுகை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒரே பெயரிட்டார்கள் அல்லவா? மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம் இவற்றை நெடுங்காலம் தனித்தனி அத்தியாயங்களிலேதான் வைத்திருந்தது. 1964-ஆம் வருஷத்தில் கின்ஸ்போர்ன் என்னும் டாக்டர், இரைப்பையிலிருந்து உணவு மேலேறும் சில குழந்தைகள் கழுத்தையும் முதுகையும் முறுக்கிக்கொள்வதை எடுத்து எழுதினார். நரம்பு வைத்திய நிபுணரான ஸாண்டிஃபர் என்பவரின் பெயரால் அது இன்று அழைக்கப்படுகிறது. இரண்டாவது அபிப்பிராயம், கண்டுபிடித்த கண்ணுக்கு ஏற்ற கை வாய்க்கவில்லை என்பது. உருட்டுவது இதற்குச் சிகிச்சை அல்ல.

கழுத்தில் நடப்பது என்ன? காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலிருந்து புறப்பட்டுக் காறை எலும்புக்கும் மார்பெலும்புக்கும் இறங்கும் ஒரு தசை இருக்கிறது. அது இரு பக்கமும் உண்டு. இடப்பக்கத்துத் தசை குறுகி இறுகிவிட்டால், தலை இடப்புறம் சாயும். முகவாய் எதிர்ப்புறமாகிய வலப்புறம் திரும்பும். கருப்பையில் இடம் போதாமல் ஒரே நிலையில் கிடந்த குழந்தைகளுக்கும், கால் முன்னாக வந்த குழந்தைகளுக்கும், ஆயுதம் வைத்து எடுத்த கஷ்டப் பிரசவங்களிலும் இது மிகுதி. தலைச்சன் குழந்தைகளிடம் அதிகம் காண்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அத்தசையில் அரைநெல்லிக்காய் போல ஒரு கட்டி தட்டுப்படும். பெற்றோர் கலங்கிப் போகிறார்கள். அது சில மாதங்களில் தானே கரையும் கட்டி. ஆனால் டாக்டர் தொட்டுப் பார்த்து அப்படிச் சொல்ல வேண்டுமேயல்லாது, நாமாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பால் கக்குவதற்குக் காரணம் வேறு. உணவுக் குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கட்டு உண்டு. பச்சைக் குழந்தைக்கு அது இன்னும் உறுதிப்படாமல் அடிக்கடி தளர்ந்து கொடுக்கிறது. குழந்தையோ பகல் முழுவதும் படுத்தே இருக்கிறது, உண்பதெல்லாம் பால். ஆகவே பால் எதுக்களித்து மேலேறுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது உண்டு. நான்காம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, ஒரு வயதுக்குள் அநேகமாக நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கிற குழந்தைக்கும், எடை ஏறுகிற குழந்தைக்கும் மருந்து வேண்டியதில்லை. துவைக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று கிளறிவிடுவதும் உண்டு. கழுத்து ஒரு பக்கம் திரும்பாத குழந்தை ஒரு மார்பில் நன்றாகக் குடிக்கும், மறு மார்பில் வாய் சரியாகப் பற்றாது, காற்றை விழுங்கும், கக்கும். புளித்த பால் மேலேறி எரிச்சல் கொடுக்கும்போது குழந்தை முதுகை வில்லாக வளைத்துத் தலையை ஒரு புறம் வெட்டிக்கொள்ளும். வித்தியாசம் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமல்ல. தசை இறுக்கமானால் எந்த வேளையிலும் தலை அதே பக்கம்தான் சாயும். எதுக்களிப்பினால் வரும் முறுக்கோ பால் குடித்த வேளையை ஒட்டி வந்து போகும்.

அப்படியானால் உருட்டியதும் குழந்தை தூங்குகிறதே, அது எப்படி? ஆட்டினால் எந்தக் குழந்தையும் கொஞ்சம் அடங்கும். தூளி கட்டிய தேசத்தாருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? மேலும், சிசுவின் அழுகை ஆறாம் வாரத்தை ஒட்டி மிகுந்து, மூன்று நான்கு மாதத்துக்குள் தானே தணிவது இயற்கை. மிகுந்த சமயத்தில்தான் உரம் எடுக்கிறவளைக் கூப்பிடுகிறோம். பிறகு தணிந்த புகழ் அவளுக்குப் போகிறது. ஆனால் தசையின் இறுக்கம் உருட்டுவதால் நீளுவதில்லை. பச்சைக் குழந்தையின் தலை, உடலின் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்தோ துவண்டது. வேகமாகக் குலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்து உள்ளே கசிவு ஏற்படும். அதனால் கண் பார்வை போன குழந்தைகளும் உண்டு, உயிர் போனவையும் உண்டு. இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று சிறிது தயங்கினோம். வயதில் மூத்தவர், வீட்டுக்கு வந்த விருந்தாளி நாம். கடைசியில், "உங்கள் கண் சொன்னது சரி, அம்மா. அதை டாக்டரிடமும் ஒரு முறை சொல்லிவிடலாமே, அதற்குள் உருட்ட வேண்டாம்" என்றோம். "சரி என்கிறீர்கள், வேண்டாம் என்கிறீர்கள்" என்று சிரித்தார்; ஆயினும் மறுநாள் போனார்கள்.

டாக்டர் முதலில் பார்ப்பது கழுத்தை மட்டுமல்ல. கழுத்து எலும்பு பிறவியிலேயே கோணியிருக்கிறதா, மாறுகண் காரணமாகத் தலையைச் சாய்க்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டையும் சோதிப்பார்கள். கழுத்து இறுகிய குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு. இவை ஒன்றுமில்லையென்றால், இயன்முறைச் சிகிச்சை என்றும் பிசியோதெரபி என்றும் சொல்லப்படும் பயிற்சிதான் வைத்தியம். திருவண்ணாமலையில் 2013-ஆம் ஆண்டு முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டமொன்றில், பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தடைகளையும் இளமையிலேயே கண்டறிவதற்கு மாவட்டந்தோறும் ஒரு நிலையம் அமைப்பதென்பதும் சேர்ந்திருக்கிறது. இவை நம் வரிப்பணத்தில் நடப்பவை. கேட்டுப் பெறுவதில் கூச்சம் எதற்கு?

பயிற்சி மிக எளியது, பொறுமைதான் கடினம். இடத் தசை இறுகிய குழந்தைக்கு முகத்தை மெல்ல இடப்புறம் திருப்பி, சிறிது நேரம் அப்படியே தாங்கி, விட வேண்டும். பிறகு வலக் காது வலத் தோளை நோக்கிச் சாயும்படி தாங்க வேண்டும். குழந்தை எதிர்த்து முறுக்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்; பலாத்காரம் கூடாது. இதை எழுத்தில் படித்துச் செய்வதைவிட, சிகிச்சையாளர் ஒரு முறை தாயின் கையைப் பிடித்துக் காட்டச் செய்துகொள்வதே நலம். ஒரு நாளில் பல தடவை, பல வாரங்கள்.

இதைவிடப் பெரிய வைத்தியம் வீட்டின் ஒழுங்கை மாற்றுவது. இக்குழந்தை வலப்புறத்து ஜன்னலையே பார்த்ததல்லவா? பாயைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் ஜன்னல் இடப்புறம் வந்துவிடும். கிலுகிலுப்பை, தாயின் குரல், பாட்டியின் மூக்குத்தி எல்லாம் இனி இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது, குழந்தையைக் குப்புறப் படுக்கவிட வேண்டும். தலையைத் தூக்கப் பார்ப்பதிலேயே கழுத்து வலுவடையும். தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான் படுக்க வேண்டும். தலை உருண்டையாக வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணையும் தூக்கத்தில் ஆகாது, மூச்சுக்கு இடையூறு. தூளியிலே தலை மார்பின் மேல் மடங்கி ஒரே பக்கம் கிடப்பதால், கழுத்து இறுகிய குழந்தையை அதில் நெடுநேரம் விட வேண்டாம்.

குப்புறப் படுக்கவிடுதல் என்றதும் இது ஏதோ அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நம் பாட்டிமார் கால்களை நீட்டி உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து நீராட்டுவது வேறென்ன? கல்கத்தாவில் சாந்தலா என்னும் தாய், நீட்டிய கால்களின் மேல் தன் குழந்தையைக் கிடத்தி உடம்பு பிடித்துவிடுவதைக் கண்டு வியந்த லெபோயர் என்னும் பிரெஞ்சு டாக்டர், 1976-இல் அவள் பெயராலேயே ஒரு புஸ்தகம் வெளியிட்டார். நம்முடையது என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்றவும் வேண்டாம்; நம்முடையது என்பதற்காகவே தள்ளவும் வேண்டாம். நீட்டிய கால் இருக்கட்டும். சேலை உருட்டு போகட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், ஊதுவதும் கூடவே போகட்டும்.

எதுக்களிப்புக்கும் பெரும்பாலும் கைவைத்தியமே போதும், அதாவது வெறும் கையால் செய்யும் வைத்தியம். ஒரேயடியாகப் புகட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது. நடுவிலும் முடிவிலும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது. குடித்தபின் இருபது முப்பது நிமிஷம் நிமிர்த்தி வைத்திருப்பது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கட்டளை. உரை மருந்தும் வசம்பும் தேனும் இதில் அடங்கிப் போயின. தேனை ஒரு வயது வரை தொடவே கூடாது. கிரைப் வாட்டர் மட்டும் சாஸ்திர சம்மதமோ என்றால், அது 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் உட்வர்டு என்னும் மருந்துக் கடைக்காரர் விற்கத் தொடங்கிய சரக்கு. பழைய நாளில் அதில் சாராயச் சத்தும் கலந்திருந்தது. குழந்தைகள் சாந்தமானதில் வியப்பென்ன!

ஆனால் சில குறிகளைக் கண்டால் ஏப்பமும் தோளும் போதா. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பச்சை நிறத்தில் கக்கினால், இரத்தம் கண்டால், பால் பீறிட்டுத் தூரத்தில் போய் விழுந்தால், எடை ஏறாவிட்டால், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தால், ஜுரத்தோடு கழுத்து விறைத்தால் தாமதம் ஆகாது.

தாமதம் என்பது தசை விஷயத்திலும் பெரிய விஷயம். அமெரிக்க இயன்முறைச் சிகிச்சையாளர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மாதம் நிறையுமுன் பயிற்சி தொடங்கினால், 100-க்கு 98 குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்தில் கழுத்து சரியாகத் திரும்புகிறது. ஒரு மாதத்துக்குப் பின் தொடங்கினால் ஆறு மாதம் வரை ஆகிறது. ஆறு மாதத்துக்குப் பின் என்றால் ஒன்பது பத்து மாதம். சரியாகும் குழந்தைகளின் தொகையும் குறைகிறது. பயிற்சிக்கு வசப்படாமல் எஞ்சும் சிலருக்கே, ஒரு வயதை ஒட்டிச் சஸ்திர சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் அத்தையின் கண் கண்டுகொண்டது. ஏழாம் வாரம் வரை அதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. அந்த நான்கு வாரத்தைத்தான் நாம் எண்ணி எண்ணி வருந்தினோம்.

மாசி மகத்துக்கு மறுபடி அவ்வூர் போயிருந்தோம். பள்ளிகொண்டாபட்டிலிருந்து திரும்பும் வழியில் அதே திண்ணையில் ஏறி உட்கார்ந்தோம். பாட்டி கால்களை நீட்டிக்கொண்டிருந்தார்; பேரன் முழங்கால்களின் மேல் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தான். இடப்பக்கம் நின்று கை தட்டினோம். தலை முழுவதும் வந்தது. சற்றே ஒரு சாய்வு இன்னும் பாக்கி. "இன்னும் இரண்டு மாதம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள் தாய். "கக்குவது நின்றதா?" என்று கேட்டோம். பாட்டி பதில் சொல்லுமுன் பேரனே பதில் சொல்லிவிட்டான். நம் அங்கவஸ்திரத்தைத் துடைக்க அவள் துணி எடுத்து வர ஓடினாள்.