மலாக்காவுக்கு ஒரு நாள்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லி நச்சரிப்பார்கள். தோட்டத்துக் குடும்பங்கள் ஒரே நாளில், அதிகச் செலவில்லாமல் போய்வர ஏற்ற ஊர் மலாக்கா என்போம்.

கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் மாறி, பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கினால் பக்கத்திலேயே பஸ் நிலையம். அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ரயிலிலேயே போய்விடலாமே என்று எண்ண வேண்டாம். அது நிற்கும் பூலாவ் செபாங் ஊருக்கு வெகு தொலைவு. பஸ்ஸும் மலாக்கா சென்ட்ரலில்தான் விடும். பழைய நகருக்கு உள்ளூர் பஸ் பிடிக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

முதலில் போகவேண்டியது ஆற்றுக்கு அப்பால், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயில். மத்தியானம் கோயில்களில் நடை சாத்துவது வழக்கமல்லவா? 1781-இல் இதைக் கட்டியவர்கள் மலாக்காச் செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் வாணிகம் செய்ய வந்த தமிழரின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் சாமி! பால்மரம் வெட்ட வந்தபோதுதான் தமிழன் இந்த மண்ணை மிதித்தான் என்றே நம் பிள்ளைகள் பலர் எண்ணியிருக்கிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே வந்தவர்களின் கோயில் இது என்று அங்கேயே நின்று சொல்லுங்கள். அதே தெருவில் பழைய பள்ளிவாசலும் உண்டு.

கோட்டையை வெயில் தாழ்ந்தபின் பார்க்கலாம். 1511-இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டியது; 1807-இல் ஆங்கிலேயர் இடித்ததுபோக ஒரு வாசலே மிச்சம். மேலே குன்றுக்குப் படியேற வேண்டும். பாட்டிமார் கீழே நிழலில் இருக்கட்டும், கட்டுச்சோற்றுப் பாத்திரத்துக்கும் காவலாயிற்று.