பனியன் கம்பெனிகள் கவச உடை தைத்த காலம்

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க கொரோனா ஊரடங்கு வந்தபோது, பின்னலாடை நகரமான திருப்பூர் ஏற்கெனவே பாதி முடங்கியிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடியதால் பையர்கள் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள்) ஆர்டர்களை ரத்து செய்தார்கள், சிலர் தள்ளிப்போட்டார்கள். தைத்து முடித்த கோடைக்காலச் சரக்கு குடோனில் தேங்கியது. அப்போது ஆண்டுக்குச் சுமார் 25,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊரின் நிலை அது.

ஆர்டர் இழந்த கம்பெனிகளுக்கு முகக்கவசம் தைக்க மாறுவது சிரமமாக இல்லை. துணி இருந்தது, ஓவர்லாக் மெஷின் இருந்தது. முழு உடல் கவச உடைதான் சோதித்தது. அது பின்னலாடைத் துணியில் ஆவதில்லை. நெய்யாத பாலிபுரோப்பிலீன் துணி வேண்டும். ஊசி போட்ட துளை வழியே ரத்தம் கசியும் என்பதால், தையல் மேல் சூடான காற்றால் டேப் ஒட்ட வேண்டும். அதற்கான மெஷினோ பனியன் கம்பெனிகளில் கிடையாது. தைத்த பிறகு கோவையிலுள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி ஆய்வகத்தில் செயற்கை ரத்தம் பாய்ச்சிப் பார்ப்பார்கள். அளவும் நிறமும் சரியா என்று பையருக்குப் பதில் சொல்லிப் பழகிய செக்கிங் பிரிவு, முதன்முறையாக ஒரு ஆய்வகத்துக்குப் பதில் சொன்னது. கவச உடை உற்பத்தி ஏறக்குறைய இல்லாதிருந்த இந்தியா, மே மாதத்தில் நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் தயாரித்தது. பெங்களூருதான் முதல் மையம் என்றாலும் திருப்பூருக்கும் கோவைக்கும் அதில் பங்குண்டு.

இதை எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் எல்லோரும் அதே தொழிலில் இறங்க, விலை சரிந்தது. என் பார்வையில் கவச உடை ஒரு இடைக்கால ஏற்பாடு, அவ்வளவுதான். கடன் தவணையை ஆகஸ்ட் 31 வரை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி தந்த அனுமதியும், மே மாதம் மத்திய அரசு அறிவித்த பிணையில்லாக் கடனும் பல சிறு கம்பெனிகளை அதைவிட அதிகமாகத் தாங்கிப் பிடித்தன.

பெரிய பாடம் வேறு இடத்தில் இருந்தது. மே 1-லிருந்து சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். ஏஜென்ட் மூலம் வந்தவர்களில் பலருடைய ஊர் முகவரிகூடக் கம்பெனியிடம் இல்லை. அதே ஆண்டிலேயே ஆர்டர்கள் திரும்பின. தைக்கத்தான் ஆள் இல்லை. பஸ் பிடித்து அனுப்பி ஆட்களை அழைத்து வந்தார்கள். விடுதியில் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்தவர்களுக்கு இடைவெளி விட்டு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. சம்பளம் தராமல் கைவிட்ட கம்பெனிக்கு யார் திரும்பி வருவார்? ஊரடங்கில் அரிசியும் செலவுக்குப் பணமும் தந்து, போனில் விசாரித்த முதலாளிகளுக்கு அந்தத் தொல்லை குறைவு.

மெஷினை மாற்றக் கடன் கிடைக்கும். ஆள் பதிவேட்டைச் சரிசெய்யக் கடனே வேண்டாம். பவர் டேபிள் எனப்படும் கூலித் தையல் யூனிட்களில் இன்றும் பலருக்கு மருத்துவக் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ அட்டை இல்லை. அடுத்த தொற்றுக்குத் தயாராக நினைக்கும் முதலாளிகள் முதலில் அதை வாங்கிக் கொடுக்கட்டும்.