நெடுந்தூர ஓட்டப் பயிற்சியும் திடீர்த் துடிப்புயர்வும்: ஒரு விளக்கம்

இதயத்துடிப்பை எண்ணிக் காட்டும் கைக்கடிகாரங்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில், நெடுந்தூர ஓட்டக்காரரிடையே புதியதோர் அச்சம் தோன்றியுள்ளது. வேகத்தைக் கூட்டாது ஓடிக்கொண்டிருக்கையில், துடிப்பு நிமிடத்துக்கு 145இலிருந்து 180ஆகக் காட்டப்படுகிறது. உடலில் வேறு குறி எதுவுமில்லை. இதனை நோயென அஞ்சி ஓட்டத்தையே கைவிடுவோரும் உளர். கருவியின் கோளாறென ஒதுக்கிவிடுவோரும் உளர். எண் எவ்வளவு உயர்ந்தது என்பதை மாத்திரம் நோக்கி, அது எவ்வாறு உயர்ந்தது என்பதை நோக்காமையே இவ்விரு முடிவுகளுக்கும் மூலம் என்பது எமது கருத்து.

திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளி வீதியில் அமைந்த சாம்பல்தீவை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று நிலத்தைக் கடந்து வறண்டு வீசும் இடம் இது. இங்கே ஒருவர் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிறார் எனக் கொள்வோம். உடல் வெப்பத்தை வெளியேற்றுவதற்காகக் குருதியின் ஒரு பகுதி தோலை நோக்கிச் செல்கிறது. வியர்வையினால் குருதியின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவு சுருங்க, அக்குறையை ஈடுசெய்யத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. பத்து நிமிடத்தின் பின் தொடங்கும் இவ்வேற்றம் ஒரு மணி நேரத்தில் 10, 15 துடிப்புகளை எட்டுவது வழமை. கடும் வெயிலில் அதற்கு மேலும் செல்லும். இது நோயன்று. கரைவலை இழுப்பவரின் இதயமும், வயலில் மண்வெட்டி பிடிப்பவரின் இதயமும் நாள்தோறும் இவ்வேற்றத்துக்கு உட்படுகின்றன. அவர்தம் கையில் கடிகாரம் இல்லாமையால் அதனை எவரும் பேசுவதில்லை.

ஆயின் வெப்பத்தால் வரும் ஏற்றம் படிப்படியானது. தாவல் வேறு வகையது. கைக்கடிகாரம் தோலினூடே பச்சை ஒளியைச் செலுத்தி, குருதியோட்டத்தின் ஏற்றவிறக்கத்தைக் கொண்டு நாடியைக் கணிக்கிறது. ஓடுபவரின் கால்கள் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் வைக்கும். அவ்வதிர்வையே நாடியென அது எண்ணிவிடுவதுண்டு. ஆகவே துடிப்பின் எண் காலடிகளின் எண்ணோடு ஒத்துநின்றால் முதலிற் கருவியையே ஐயுறல் வேண்டும். உடனே நின்று, விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்காற் பெருக்கினால் ஐயம் பெரும்பாலும் தீரும். நாடி பார்த்தலை ஒரு கலையாகவே வளர்த்த சமூகத்துக்கு இது கடினமன்று.

220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே ஒருவரின் உச்சத் துடிப்பு என்பதும் பருமட்டான கணிப்பே. ஒத்த வயதினரிடையேயும் பத்துக்கு மேற்பட்ட துடிப்பு வேறுபாடு இயல்பு.

இனி, மெய்யான தாவலைக் கவனிப்போம். துடிப்பு ஒரு கணத்தில் 200ஐக் கடந்து, சில நிமிடம் நிலைத்து, திடீரென வீழுமாயின் அது இதயத்தின் மின்னோட்டப் பிழையாக இருக்கக்கூடும். மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டல் செல்ல இயல்பாக ஒரு வழியே உண்டு. சிலரிடம் பிறவியிலேயே மேலதிக வழியொன்று அமைந்துவிட, தூண்டல் இரண்டினூடும் வட்டமாகச் சுழல்கிறது. வூல்ஃப், பார்க்கின்சன், வைற் ஆகிய மருத்துவர் மூவர் 1930இல் இத்தகைய 11 பேரைப் பற்றி எழுதினர். அவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளையோர் என்பது கருதற்பாலது. இன்று அம்மேலதிக வழியைக் குழாய் செலுத்திச் சுட்டு நீக்குகின்றனர். ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. பதிவு சிலரிடம் குறையெதையும் காட்டாது. தாவல் நிகழும் வேளையிலேயே பதிவு தேவைப்படும்.

பயிற்சி மிகுந்தோரும் இதற்கு விலக்கல்லர். சுவீடனின் 90 கிலோமீற்றர் பனிச்சறுக்கு ஓட்டத்திற் கலந்துகொண்ட 52,755 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அதிக தடவை ஓடியோரிடமும் விரைந்து முடித்தோரிடமும் துடிப்பொழுங்கின்மை கூடுதலாக இருந்ததைக் காட்டியது. காய்ச்சல் வேளையில் ஓடுவதோ எவ்வயதினர்க்கும் ஆபத்தானது. வைரசு இதயத்தசையையும் தாக்கக்கூடும்.

கிழக்கு மாகாணத்தின் திருக்கோவிலில் 2024இல் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அம்மரணத்தின் காரணத்தை ஆராய்வது எமது நோக்கமன்று. ஆயின் ஓட்டத்துக்கு முன் மாணவரின் இதயத்தை யார் பார்த்தார் என்னும் வினா எல்லாப் பாடசாலைகளுக்கும் உரியது. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டாளர் யாவர்க்கும் ஈ.சி.ஜி.யுடன் கூடிய சோதனை கட்டாயமாயிற்று. அந்நாட்டின் வெனெற்றோ மாநிலத்தில் இளம் விளையாட்டாளரின் திடீர் மரணம் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 3.6இலிருந்து 0.4ஆகக் குறைந்ததென 2006இல் வெளியான ஆய்வு கூறிற்று. அச்சோதனை ஆரோக்கியரையும் நோயாளராகக் காட்டிவிடும் என மறுப்போர் உளர். பயிற்சிபெற்ற இதயத்தின் பதிவை வாசிக்கத் தனித்தேர்ச்சி வேண்டும் என்பதும் மெய்யே. அத்தேர்ச்சி எமது இலவச வைத்தியசாலைகளில் பெருகும்வரை, மூன்று வினாக்களையேனும் ஆசிரியர் கேட்கலாம்: ஓடும்போது மயங்கியதுண்டா? நெஞ்சு நோவதுண்டா? குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்ததுண்டா? ஒன்றுக்கேனும் ஆம் எனும் பிள்ளை, சாம்பல்தீவாயின், ஓட்டத்துக்கு முன்னரே திருகோணமலை வைத்தியசாலைக்கு அனுப்பப்படல் வேண்டும்.