அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளை மதரஸாவுக்கு ஓத வருகிறது. அது முடிந்தால் டியூஷன். பிறகு வீட்டுப் பாடம். மிஞ்சிய நேரம் கைபேசிக்கு! உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் இன்று பல பிள்ளைகளின் மாலைப்பொழுது இவ்வாறே கழிகிறது. இதில் ஓடியாட நேரம் ஏது?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. 146 நாடுகளின் விவரங்களைக் கொண்டு அது 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 பேர்; பெண் பிள்ளைகளில் 85 பேர்.

மார்க்கம் தடுத்ததா?

விளையாட்டு வீண் வேலை என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்கிறது. பெருநாளன்று பள்ளிவாசலில் ஹபஷிகள் ஈட்டி விளையாடியதையும், அதை அன்னையார் கண்டு களிக்கப் பெருமானார் (ஸல்) வழி செய்ததையும் புகாரி கூறுகிறது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதையே பேசுகிறார்கள். ஓதிவிட்டு வரும் பிள்ளையைக் களைப்புத் தீர விளையாட விட வேண்டும். ஓயாமல் படிப்பை மட்டும் சுமத்தினால் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கும். பிறகு படிப்பிலிருந்து தப்பவே பிள்ளை வழி தேடும் என்பது அவர்களின் எச்சரிக்கை.

என்ன செய்யலாம்?

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளில், பாடத்தோடு பாட்டும் விளையாட்டும் சேர்க்கப்பட்டன. நமது மக்தபுகளும் அஸருக்குப் பின் அரை மணி நேரத்தை விளையாட்டுக்கு ஒதுக்கி, ஓதும் நேரத்தை மஃரிபுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். தேவையான 60 நிமிடங்களில் பாதி இதிலேயே கிடைத்துவிடும்.

செலவு அதிகமில்லை. கயிறு, பந்து, ஒரு குடம் தண்ணீர் போதும். மதரஸா முற்றமோ, அனுமதி பெற்றுப் பள்ளிக்கூடத் திடலோ போதுமான இடம். தோற்றவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்களைக் குறைத்து, எல்லோரும் ஓடும் ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் வெயில் தணிந்த பின்பே தொடங்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு உஸ்தாதாக்களின் பொறுப்பில் தனி இடம் ஒதுக்கிப் பாண்டி, கயிறு தாண்டுதல் முதலியவற்றை ஆட விடலாம். அவர்களைத் திண்ணையோடு நிறுத்திவிடுவது நியாயமாகாது.

சோழர் காலத்திலேயே ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியம் அமைத்துப் பேணியதைக் கல்லில் பொறித்து வைத்த ஊர் உத்திரமேரூர். பிள்ளைகளின் உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைப் பேண ஒவ்வொரு ஜமாஅத்தும் நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? பெற்றோர்களே, சிந்திப்பீர்!