வழுவழுப்பைத் துளைக்கும் நுண்துளி

மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் ஐப்பசி முழுக்குக்கு இறங்குகிறவர்கள் படியில் காலை ஊன்றித்தான் வைப்பார்கள். நனைந்த கல்லின் வழுவழுப்பு அப்படி. அது வெறும் அழுக்கல்ல. பாசியும் பாக்டீரியாவும் பசை சுரந்து, அந்தப் பசைக்குள்ளேயே கூடி வாழும் குடியிருப்பு. அறிவியல் அதை உயிர்ப்படலம் என்கிறது.

படித்துறையில் அதனால் வழுக்கி விழும் ஆபத்து மட்டும்தான். சிறுநீர் வடிக்கச் செருகும் குழாயின் உட்புறத்திலோ, சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண்ணிலோ பாக்டீரியா படலம் கட்டினால் கதை வேறு. தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் ஆயிரம் மடங்கு மருந்துகூடச் சில வேளை போதாது. மேல் பசையிலேயே மருந்து தேங்கிவிடும். அடியில் உள்ள செல்கள் பெருகாமல் உறங்குவதால், பெருகும் செல்லைத் தாக்கும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. நெருங்கி வாழும் கிருமிகளுக்கிடையே மருந்தை எதிர்க்கும் மரபணுக்களும் எளிதில் கைமாறும்.

அந்த மரபணுக்கள் நமக்கு அயலானவை அல்ல. 2010-இல் ‘லான்செட்’ குழும இதழில் வெளியான ஆய்வு, சென்னையில் மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் என்டிஎம்-1 மரபணுவைக் கண்டது. கடைசிக் கையிருப்பான கார்பபெனம் மருந்துகளையே முறியடிக்கும் மரபணு அது.

இந்த நெருக்கடியில்தான் ஆய்வாளர்களின் கவனம் தாவர எண்ணெய்கள் பக்கம் திரும்பியது. கும்பகோணம் வட்டாரக் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலையின் எண்ணெயில் யூஜினால் போன்ற ஃபீனால் சேர்மங்கள் உண்டு. அவை பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வில் ஊடுருவி அதைக் கசியவைக்கும். வெற்றிலைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். கிருமிகள் தமக்குள் ரசாயனத் தூது அனுப்பி, கூட்டம் சேர்ந்தது தெரிந்த பிறகே பல தாக்குதல்களைத் தொடங்குகின்றன. வெற்றிலைச் சாறும் அதிலுள்ள ஃபைட்டாலும் செராட்டியா என்ற மருத்துவமனைக் கிருமியின் தூதைக் குலைத்துப் படலத்தைக் குறைப்பதைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

ஆனால் எண்ணெய் நீரில் கரையாது. திறந்து வைத்தால் ஆவியாகும். அளவு கூடினால் தோலை எரிக்கும். நீர் நிறைந்த பசைக்குள் அதை எப்படி நுழைப்பது?

துளியைச் சிறிதாக்க வேண்டும், அதுவும் மிகச் சிறிதாக. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் திருநீற்றுப்பச்சிலை இனத்து எண்ணெயுடன் நீரையும், இரண்டையும் இணைக்கும் ட்வீன் 80-ஐயும் சேர்த்து, மீயொலி அலைகளால் 15 நிமிடம் சிதறடித்தனர். கிடைத்த நானோ பால்மத்தில் துளியின் விட்டம் 29.3 நானோமீட்டர். ஈ.கோலை பாக்டீரியாவின் நீளமோ ஏறத்தாழ 2,000 நானோமீட்டர். 2013-இல் வெளியான அந்த ஆய்வு, ஈ.கோலையை இந்தப் பால்மம் கொல்வதைக் காட்டியது. அடுத்த ஆண்டு யூகலிப்டஸ் எண்ணெயில் இதே முறையைக் கையாண்டு, எலிகளின் புண் ஆறுவதையும் சோதித்தனர்.

இன்னொரு வழி, எண்ணெயைக் கைட்டோசான் துகளுக்குள் பொதிவது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள் இது. கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். துகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு, எண்ணெயைச் சிறிது சிறிதாக விடுவிக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டிலும் விலங்குகளிலும் கிடைத்த முடிவுகளே. வெற்றிலை எண்ணெயின் சேர்மானம் ரகத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். மருந்தாக வேண்டுமானால் ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். கிருமியின் சவ்வைத் துளைக்கும் சேர்மம், அளவு கூடினால் நம் செல்லையும் துளைக்கும். எனவே இதை நம்பி வீட்டில் வெற்றிலை எண்ணெயையோ கிராம்பு எண்ணெயையோ புண்ணில் தடவக் கூடாது. புண்கட்டுத் துணி, குழாய்களின் உட்பூச்சு, வாய் கொப்பளிக்கும் நீர் போன்ற வெளிப்பயன்பாடுகளில் இந்த நுண்துளிகளுக்கு வாய்ப்பு அதிகம். இரத்தத்தில் செலுத்தும் மருந்தாவதற்கு இன்னும் பல கட்டச் சோதனைகளைக் கடந்தாக வேண்டும்.